மேக்பெத்தும் மன உறுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பத்துப் பதினைந்து பேர் ஒரு மொட்டை மாடியில் கூடி, ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தோம். பாதிப்பேர் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள். மீதிப்பேருக்குப் பரீட்சை எதுவும் கிடையாது: மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவர் ஒருவர், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மா ஒருவர், சும்மா காற்றுக்காக வந்து உட்கார்ந்தவர்கள் சிலர். இந்த நாடகத்தைக் கல்லூரியில் பல வருஷம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆனால் வகுப்பில் ஒருநாளும் வராத கேள்விகள் மாடியில் வந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை என்னங்க, சுருக்கமா?

ஸ்காட்லாந்தின் படைத்தலைவன் மேக்பெத். போர் முடிந்து வரும் வழியில் மூன்று சூனியக்காரிகள் அவனைப் பார்த்து 'நீ அரசனாவாய்' என்கிறார்கள். கூட வரும் நண்பன் பாங்க்வோவிடம் 'உன் வம்சம் ஆளும்' என்கிறார்கள். மேக்பெத்தின் வீட்டுக்கு விருந்தாக வந்து தங்கும் அரசன் டங்கனை, மனைவி லேடி மேக்பெத்தின் தூண்டுதலோடு மேக்பெத் தூக்கத்திலேயே குத்திக் கொல்கிறான். அரசனாகிறான். பிறகு ஆள் வைத்துப் பாங்க்வோவைக் கொல்கிறான். மக்டஃப் என்ற பிரபு நாட்டைவிட்டுப் போனதும் அவனுடைய மனைவி மக்களைக் கொல்கிறான். மனைவி தூக்கத்தில் நடந்து, கை கழுவி, கடைசியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். மேக்பெத் மக்டஃபின் கையால் சாகிறான்.

1606 வாக்கில் எழுதப்பட்டது, 1623-ல்தான் அச்சானது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது.

'குற்ற உணர்வு' என்றால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் நம் பேச்சிலேயே இருக்கிறது. 'குற்ற உணர்வு' புத்தகச் சொல். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நாம் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறோம். 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்பது ஒன்று. போலீஸ்காரர் தெருவுக்குள் வந்தால் வருவது அந்தக் குறுகுறுப்பு. இன்னொன்று 'மனசு உறுத்துதுங்க'. கண்ணில் மண் விழுந்தால் உறுத்துமே, அது. பக்கத்தில் ஒருத்தரும் இல்லாவிட்டாலும் உறுத்தும்.

நாடகத்தில் இரண்டும் இருக்கின்றன. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது மேக்பெத்துக்கு இருப்பது பெரும்பாலும் குறுகுறுப்பு: இவன் சந்தேகப்படுகிறான், இவன் வம்சம் என் நாற்காலியைப் பிடுங்கிவிடும் என்ற பயம். டங்கனைக் கொன்றுவிட்டு வந்த அந்த ஐந்து நிமிஷத்தில் இருப்பது சுத்தமான உறுத்தல். மாட்டிக்கொள்வோமா என்று அப்போது அவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ரத்தம் சொட்டும் கத்திகளை அங்கேயே போடாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்! பயந்தவன் அப்படிச் செய்வானா?

தப்பு செய்வதற்கு முன்னாலேயே மனசு உறுத்துமா?

மேக்பெத்துக்கு முன்னால்தான் அதிகம் உறுத்துகிறது. சூனியக்காரிகள் 'அரசனாவாய்' என்றார்களே தவிர, 'கொல்' என்று சொல்லவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் அவன் மனசில் கொலைக் காட்சி வந்துவிடுகிறது, மயிர்க்கூச்செடுக்கிறது. யோசனை அவனுடையது. (குறிகாரர் 'தோட்டம் உனக்குத்தான் வரும்' என்றால் ஒருத்தன் காத்திருப்பான், இன்னொருத்தன் அன்றைக்கே மண்வெட்டியை எடுப்பான். குறிகாரரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?)

முதல் அங்கத்தின் கடைசிக் காட்சியில் அவன் தனியாக நின்று கணக்குப் போடுகிறான். டங்கன் என் உறவுக்காரன். என் அரசன். அதற்கும் மேலே, இன்றைக்கு என் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் வராமல் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தியை எடுப்பதா?

இந்த இடத்தை வாசித்ததும் மண்டிக் கணக்கர், 'ஒரம்பரையைவா கொன்னுட்டான்!' என்றார். ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளி. வகுப்பில் பல வருஷம் 'விருந்தோம்பல்' என்று விளக்கியபோது வராத அதிர்ச்சி அந்த ஒரு சொல்லில் வந்தது. ஒரம்பரை வந்தால் நம் கட்டிலை அவர்களுக்குப் போட்டுவிட்டு நாம் தரையில் படுக்கிற ஊர் இது. அந்தக் கட்டிலில் வைத்துக் குத்துவதென்றால்!

அவன் தீர்மானிப்பதும் சரியாகத்தான். 'இதற்குமேல் இந்த விஷயம் வேண்டாம்' என்று மனைவியிடம் சொல்லியே விடுகிறான். அவள் 'நீ ஆம்பளையா?' என்று கேட்கிறாள். தீர்மானம் கரைந்து போகிறது. மனசாட்சி தூங்கியதால் நடந்த கொலை அல்ல இது. மனசாட்சி முழிப்பாக இருந்து, முழு வாதத்தையும் வைத்து, தோற்றுப்போனது. என் பார்வையில் நாடகத்தின் பயங்கரம் அங்கேதான். கத்தி அதற்குப் பிறகுதான் வருகிறது.

'ஆமென்' சொல்ல முடியவில்லை என்று அப்படி அழுகிறானே, அது பெரிய விஷயமா?

பக்கத்து அறையில் படுத்திருந்த இரண்டு பேர் தூக்கம் கலைந்து எழுகிறார்கள். ஒருவன் 'கடவுள் காப்பாற்றட்டும்' என்கிறான், மற்றவன் 'ஆமென்' என்கிறான். திரும்பப் படுத்துவிடுகிறார்கள். வெளியே நிற்கும் மேக்பெத்துக்கும் அந்தச் சொல் தொண்டைவரை வருகிறது, வெளியே வரவில்லை. 'எனக்குத்தானே அந்த ஆசி அதிகம் தேவை, எனக்கு ஏன் வரவில்லை?' என்று மனைவியிடம் குழந்தைபோலக் கேட்கிறான். துன்னூறு (திருநீறு) எடுக்கக் கையை நீட்டி, நெற்றிக்குக் கொண்டுபோக முடியாமல் நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

உடனே இன்னொன்று சொல்கிறான்: 'இனி உறக்கம் இல்லை, மேக்பெத் உறக்கத்தைக் கொன்றுவிட்டான்' என்று ஒரு குரல் வீடு முழுக்கக் கேட்டதாம். அதற்குப் பிறகு அவன் நிம்மதியாகத் தூங்கியதாக நாடகத்தில் எங்கும் இல்லை. கெட்ட கனவுகள் உலுக்குகின்றன. மூன்றாம் அங்கத்தில் அவனுக்குத் தான் கொன்ற டங்கன்மேலேயே பொறாமை வருகிறது: அவன் குழிக்குள் நன்றாகத் தூங்குகிறான், நான் இங்கே தேள்கள் நிறைந்த மனசோடு கிடக்கிறேன்.

கை கழுவுவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

நாடகத்தில் இரண்டு முறை தண்ணீர் வருகிறது. நடுவில் இரண்டு அங்கங்களுக்கு மேல் ஓடிவிடுகின்றன.

முதல் முறை, கொலை நடந்த இரவு. மேக்பெத் கையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான்: கடல் முழுக்கக் கொட்டினாலும் இந்தக் கை சுத்தமாகுமா? ஆகாது, இந்தக் கைதான் பச்சைக் கடலையெல்லாம் சிவப்பாக்கிவிடும். மனைவி சாதாரணமாகச் சொல்கிறாள்: 'கொஞ்சம் தண்ணி போதும், போயிடும்.'

அந்தக் கடல் வரியை நான் பெரிய உயர்வு நவிற்சி என்றுதான் எப்போதும் நடத்தி வந்தேன். அன்றைக்கு மாடியில் திருப்பூர்ப் பையன் ஒருவன், 'நொய்யல்ல சாயத்தண்ணி போன மாதிரிங்களா மிஸ்?' என்றான். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. தண்ணீர் கறையைக் கழுவாமல், கறை தண்ணீரைக் கறையாக்கிவிடுவதை நாம் கண்ணால் பார்த்தவர்கள் அல்லவா? நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீர் பாசனத்துக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொன்னார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்தப் பையன் சின்னக் குழந்தை. ஆனாலும் அந்த வரி அவனுக்குத்தான் முதலில் புரிந்தது.

இரண்டாம் முறை, ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சி. லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கிறாள். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று உத்தரவு. கொலைக்கு முன்னால் 'இருட்டே வா, என் கத்தி செய்வதை அதுவே பார்க்கக் கூடாது' என்று அழைத்தவள் இவள்தான். கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கால் மணி நேரம்கூட இப்படித் தேய்ப்பாள் என்கிறாள் பணிப்பெண். 'போ, பாழாய்ப்போன கறையே' என்கிறாள். கிழவன் உடம்பில் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள் என்கிறாள். அரேபியாவின் வாசனைத் திரவியம் எல்லாம் போட்டாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்கிறாள். கடலில் ஆரம்பித்தவன் கணவன். 'கொஞ்சம் தண்ணி' என்றவள் அரேபியாவில் வந்து முடிகிறாள்.

மண்டிக் கணக்கர் தன் கையை நீட்டிக் காட்டினார். நக இடுக்கில், ரேகையில் எல்லாம் மஞ்சள். 'சீசன்ல இது நாலு நாள் ஆனாலும் போவாதுங்க. ஆனா நாங்க யாரும் உக்காந்து தேச்சுட்டு இருக்க மாட்டமே?' என்றார். கறையுள்ள கையை அவர் தேய்ப்பதில்லை. அவள் தேய்ப்பது சுத்தமான கையை.

1611-ல் லண்டன் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற ஜோதிட வைத்தியர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அதில், அரசனைக் கொன்ற ரத்தம் இரண்டு பேர் கையிலிருந்தும் எப்படிக் கழுவியும் போகவில்லை என்று இருக்கிறது. நானூறு வருஷத்துக்கு முன்னால் பார்த்தவருக்கும் கைதான் மனசில் நின்றிருக்கிறது. 2006-ல் இரண்டு உளவியலாளர்கள், தாங்கள் செய்த தவறை நினைத்துப் பார்க்கச் சொன்னால் மனிதர்களுக்குச் சுத்தப்படுத்திக்கொள்ளும் ஆசை கூடுகிறது என்று எழுதினார்கள். அதற்கு 'மேக்பெத் விளைவு' என்றே பெயர் விழுந்தது. பிறகு அதே சோதனையைச் செய்த மற்றவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் கட்டுரையில் அதை நிரூபணம் என்று எழுதாதீர்கள்.

விருந்தில் வரும் பாங்க்வோவின் ஆவி நிஜமா, பிரமையா?

மேக்பெத்துக்கு மட்டும்தான் தெரிகிறது. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. 'நான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது' என்கிறான், கூட்டத்துக்கு நடுவே. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்! அவன் கையால் குத்தவில்லை என்பது வாஸ்தவம்தான், ஆள் வைத்துச் செய்தான். வக்கீல் பேச்சு.

அந்தக் காலத்தில் மேடையில் ஆளே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஃபோர்மன் அதையும் எழுதியிருக்கிறார். நாங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலியாகப் போட்டோம். வாசித்துக்கொண்டிருக்கும்போது காற்றில் அது தானாக ஓரடி நகர்ந்தது. அன்றைக்கு அதோடு வாசிப்பு முடிந்தது.

லேடி மேக்பெத் கல்நெஞ்சக்காரிதானே? அவளுக்கு ஏன் திடீரென்று இப்படி ஆகிறது?

திடீரென்று இல்லை, கவனித்தால் முதலிலிருந்தே தெரியும். நிஜக் கல்நெஞ்சுக்காரி 'என் மனசைக் கல்லாக்கு' என்று ஆவிகளைக் கூப்பிட்டு வேண்ட மாட்டாள். கத்திகளை எடுத்து வைத்தது அவள். ஆனால் 'தூங்கும்போது அவர் எங்கப்பா ஜாடையில் இல்லாமல் இருந்திருந்தால் நானே முடித்திருப்பேன்' என்று ஒரு வரி சொல்கிறாள். அந்த ஒரு வரியைத்தான் அவளால் ஐந்தாம் அங்கம்வரை அமுக்கி வைக்க முடியவில்லை.

இன்னொன்று, மூன்றாம் அங்கத்திலிருந்து அவளுக்குத் துணை இல்லை. 'உனக்குத் தெரியாமலே இருக்கட்டும், செல்லம்' என்று சொல்லிவிட்டு அவன் பாங்க்வோ கொலையைத் தனியாக ஏற்பாடு செய்கிறான். சேர்ந்து செய்த பாவத்தை இருவரும் பேசிக்கொண்டாவது இருந்தால் பாரம் குறைந்திருக்குமோ என்னவோ. பேச்சு நின்ற வீட்டில் அவள் தூக்கத்தில் பேசுகிறாள். அதில் மக்டஃபின் மனைவியும் வருகிறாள்: 'அவனுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போ எங்கே?' அந்தக் கொலையில் இவளுக்குப் பங்கே இல்லை. ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள்.

'எங்க ஊரா இருந்தா இந்நேரம் துன்னூறு போட்டு, மந்திரிச்சுக் கயிறு கட்டியிருப்பாங்க' என்றாள் ஒரு மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நாடகத்தில் வரும் வைத்தியரும் அதையேதான் சொல்கிறார்: இது என் வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது, இவளுக்கு மருத்துவரைவிடச் சாமியார்தான் தேவை.

மேக்பெத்துக்குக் கடைசியில் உறுத்தலே இல்லாமல் போய்விடுகிறதா?

பெரும்பாலும் மரத்துப்போகிறது. 'ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் அக்கரைக்குப் போவதும் ஒரே பாடுதான்' என்பது அவன் கணக்கு. பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்கிறான். மனைவி செத்த செய்தி வரும்போது அழ முடியவில்லை. ஆரம்பத்தில் உறுத்தியவனுக்கு மரத்துவிட்டது. ஒன்றுமில்லை என்றவளுக்கு உறுத்திக் கொன்றேவிட்டது. இருவரும் வழியில் ஒருவரையொருவர் கடந்து போய்விட்டார்கள்.

ஆனால் கடைசிச் சண்டையில் ஒரு வரி இருக்கிறது, பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். மக்டஃப் எதிரே வந்து நிற்கிறான். மேக்பெத்: 'எல்லாரையும்விட உன்னைத்தான் தவிர்த்து வந்தேன். திரும்பிப் போ. உன் வீட்டு ரத்தம் ஏற்கெனவே என்மேல் நிறைய இருக்கிறது.' தன்னை யாராலும் கொல்ல முடியாது என்று அப்போது அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். ஆகவே இது பயமில்லை.

எங்கள் அப்பிச்சியின் (அம்மாவைப் பெற்ற தாத்தாவின்) பங்காளி ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்தி நட்டார் என்று அம்மாயி (அம்மாவைப் பெற்ற பாட்டி) சொல்வார். யாரும் கேஸ் போடவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ஆனால் அந்த மனுஷர் அதற்குப்பிறகு சாகும்வரை அந்த வரப்பு வழியாக நடக்கவே இல்லையாம். வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு கால் மைல் அதிகம் நடந்து வீட்டுக்குப் போவாராம். 'தவிர்த்து வந்தேன்' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாய்க்கால் மேடுதான்.

தப்பே செய்யாதவர்களுக்கும் இந்த நாடகத்தில் உறுத்துகிறதா?

மக்டஃபுக்கு. அவன் செய்தது, நாட்டுக்காகப் படை திரட்ட இங்கிலாந்து போனது. வீட்டில் காவல் இல்லை. செய்தி வந்ததும் 'என் குஞ்சுகள் எல்லாமேவா?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பிறகு, 'அவர்கள் செய்த தப்புக்காக இல்லை, என் தப்புக்காகச் செத்தார்கள்' என்கிறான். கொன்றவன் தூக்கம் போச்சே என்று புலம்புகிறான். கொல்லாதவன் பழியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறான். எல்லோரும் ஐந்தாம் அங்கத்தைச் சொல்வார்கள். எனக்கு நாலாம் அங்கத்தின் இந்தக் காட்சிதான் தொண்டையை அடைக்கும்.

பாங்க்வோ வேறு ரகம். சந்தேகம் வந்தும் வாயைத் திறக்கவில்லை, தன் வம்சத்துக்குச் சொன்னதும் பலிக்கலாமே என்று. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த சரித்திர நூலில் பாங்க்வோ கொலைக்கு உடந்தை. ஷேக்ஸ்பியர் அதை நீக்கிவிட்டார். அப்போதிருந்த அரசர் முதலாம் ஜேம்ஸ் பாங்க்வோவைத் தன் முன்னோராகச் சொல்லிக்கொண்டவர்.

ஆனைமலையில் மிளகாய் அரைக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

நல்ல கேள்வி, இதற்காகவே ஒரு சனிக்கிழமை போனது. மாசாணியம்மன் கோயிலில் திருட்டுக் கொடுத்தவர்கள், அநியாயம் நடந்தவர்கள் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகிறார்கள். செய்தவனுக்கு எரியும் என்பது நம்பிக்கை. அங்கே எரிச்சலைத் தருவது சாமி, கேட்பது பாதிக்கப்பட்டவர். மேக்பெத்தில் யாருமே மிளகாய் அரைக்கவில்லை. டங்கனின் பிள்ளைகள்கூட முதலில் ஓடித்தான் போகிறார்கள். செய்தவர்களே அரைத்துத் தங்கள்மேலேயே பூசிக்கொள்கிறார்கள்.

அந்தக் கோயிலின் தலக்கதை நன்னன் என்ற அரசனோடு சேர்ந்தது. ஆற்றில் மிதந்து வந்த காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொன் பாவையும் தருகிறோம் என்றும் கேட்காதவன் என்று குறுந்தொகை 292-ல் பரணர் பாடுகிறார். அவன் மனசு கலங்கியதாகப் பாட்டில் ஒரு சொல் இல்லை. உறுத்தாதவனுக்குப் புலவர்தான் 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று பெயரிலேயே சூடு வைத்தார். இன்னொரு கோடியில் சிலப்பதிகாரப் பாண்டியன்: 'யானே கள்வன்' என்று சொன்ன கையோடு விழுந்து செத்தான். அவன் செத்தும் தீரவில்லை. நாடு நாடாகக் கண்ணகிக்குச் சாந்தி செய்தார்கள், நம் கொங்கிளங்கோசர் உட்பட. மேக்பெத் நன்னனும் இல்லை, பாண்டியனும் இல்லை. உறுத்தும், சாகவும் மாட்டான், 'நான்தான்' என்று சொல்லவும் மாட்டான். அதனால்தான் கதை ஐந்து அங்கம் ஓடுகிறது.

நிஜ மேக்பெத்தும் இப்படித்தான் தவித்தானா?

1040-லிருந்து 1057 வரை ஆண்டவன். டங்கன் போரில்தான் செத்தான், கட்டிலில் இல்லை. தவிப்பெல்லாம் நாடகத்துக்குச் சொந்தம்.

பரீட்சைக்கு எந்தக் காட்சிகள்?

இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சி, மூன்றில் நாலு, ஐந்தில் ஒன்று. நாலில் மூன்றையும் சேர்த்தால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' குறளை எழுத வேண்டாம். கட்டுக்குள் இருக்கும் எல்லா விடைத்தாளிலும் அதுதான் இருக்கும்.

அந்தப் பணிப்பெண் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

பனியன் கம்பெனி அம்மா கேட்டது. எல்லாம் கேட்டவள் அவள்தான். வைத்தியர் 'என்ன பேசினாள்?' என்று கேட்டபோது, 'சாட்சி இல்லாமல் உங்களிடமும் சொல்ல மாட்டேன்' என்கிறாள். அரண்மனை வேலைக்காரி; அரசியைப் பற்றிச் சொல்லிவிட்டு எங்கே போவாள்? இரண்டாவது ஆள் காதால் கேட்கட்டும் என்று இரண்டு ராத்திரி வைத்தியரோடு முழித்திருக்கிறாள், மூன்றாவது ராத்திரி கிடைக்கிறது. கேட்டபின் வைத்தியரும் 'நினைக்கிறேன், பேசத் துணிவில்லை' என்று கிளம்பிவிடுகிறார். போகும்போது, தீங்கு செய்துகொள்ளும் பொருள் எதையும் பக்கத்தில் வைக்காதே, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

அதன்பிறகு அவள் மேடைக்கு வருவதில்லை. நாலு காட்சி தள்ளி, உள்ளே பெண்கள் அலறும் சத்தம் என்று மட்டும் குறிப்பு இருக்கிறது. எங்கள் வாசிப்பில் பணிப்பெண்ணாக வாசித்தது அந்த அம்மாதான். அலறலை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது, யாரும் சொல்லாமலே எழுந்து மாடிப்படி இறங்கிப் போய், கீழேயிருந்து ஒரே ஒரு தடவை கத்தினார்.